கும்பயா எந்த ஊர்ப் பாட்டு?

நீங்கள் கேட்டது இது: மகள் சாரணியர் முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வீட்டில் 'கும்பயா' ஓயவில்லை. அது ஆப்பிரிக்கப் பழங்குடிகளின் பாட்டு என்று முகாமில் சொன்னார்களாம். அது சரிதானா, இந்த கேம்ப்ஃபயர் பாட்டுகளுக்கெல்லாம் மெட்டுப் போட்டவர் யார், ஏன் எல்லாம் ஒன்றுபோலவே காதில் விழுகின்றன? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். தீயைச் சுற்றி உட்கார்ந்து பாடுவதற்கென்றே பிறந்த பாட்டுகளா இவை, அல்லது வேறெங்கோ பிறந்து அங்கே வந்து சேர்ந்தவையா? என் பதில்: பெரும்பாலும் வந்து சேர்ந்தவைதான். அவை ஒன்றுபோலக் கேட்பதற்கும் அதுதான் காரணம்.

நான் கர்நாடக சங்கீதம் படித்தவன். 26 வருடம் பள்ளியில் பாட்டு வாத்தியார். சாரணர் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. அமெரிக்கா போனதில்லை. இங்கே சொல்லப்போவது பழைய பாட்டுத் தொகுப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் வைத்துக்கொண்டு ஆர்வத்தில் தோண்டியது. அந்த மக்களோடு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கும்பயா ஆப்பிரிக்கப் பாட்டு என்று நானே பத்து வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்குச் சொன்னவரும் அப்படித்தான் சொன்னார்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். 1926-இல் ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் என்ற நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில், டேரியன் ஊர்ப் பக்கத்தில், அந்தக் காலத்து ஒலிப்பதிவுச் சாதனமான மெழுகு உருளையில் பாட்டுகளைப் பதிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பாடியவர்களில் ஒரு கறுப்பினத்தவர், 'ஹெச். வைலி' என்று மட்டும் குறிக்கப்பட்டிருப்பவர், ஒரு பாட்டுப் பாடினார். 'கம் பை ஹியர்', அதாவது 'ஆண்டவரே, இங்கே வாரும்' என்பதுதான் அதன் பல்லவி. கும்பயா என்று இன்று நாம் பாடுவது அதுவேதான். அதே 1926-இல் வட கரோலினாவிலும் ஒருவர் இதே பாட்டின் சொற்களை எழுதியெடுத்து வைத்திருக்கிறார். கார்டன் 1928-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் நாட்டுப்பாட்டுக் காப்பகத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். உருளையும் அங்கே போய்ச் சேர்ந்தது.

அப்படியென்றால் ஆப்பிரிக்கக் கதை எங்கிருந்து முளைத்தது? மார்வின் ஃப்ரே என்ற பாதிரியார் இந்தப் பாட்டை 1936-இல் தானே இயற்றியதாகச் சொன்னார், உரிமையும் பதிந்துகொண்டார். அங்கோலாவில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பிய குடும்பம் ஒன்று இதைத் 'கும் பா யா' என்று பாடிக் கேட்டதாகவும் அவரே சொன்னார். அவர் சொன்னது முழுவதும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். யாரோ ஊழியர்கள் பாட்டை அங்கே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் 1926 உருளை இருக்கும்போது 1936-இல் இயற்றினேன் என்ற பேச்சு நிற்காது. 1918-இல் பிறந்தவர், உருளை பதிந்தபோது அவருக்கு எட்டு வயது. ஆக, அங்கோலா கதை உண்மையாகவே இருந்தாலும் பாட்டு அங்கே போய்விட்டுத் திரும்பியதே தவிர, அங்கே பிறந்தது அல்ல.

'கும்பயா' என்ற உச்சரிப்பைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகப் பேச வேண்டும். தென் கரோலினா, ஜார்ஜியா கரையோரத் தீவுகளில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் பேசுவது கல்லா மொழி. ஆங்கிலமும் பல ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவானது. அதில் 'ஹியர்' என்பது 'யா' என்று ஒலிக்கும். 'கம் பை யா' அப்படித்தான் 'கும்பயா' ஆனது என்பது பொருத்தமான விளக்கம். ஆனால் பாட்டே கல்லாவில்தான் முதலில் பிறந்தது என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வைலி தெளிவாக ஆங்கிலத்தில்தான் பாடுகிறார். கறுப்பின மக்களின் ஜெபப் பாட்டு, அமெரிக்கத் தென்கிழக்குக் கரை, 1926-க்கு முன்பு. இது வரைக்கும் கால் ஊன்றி நிற்கலாம்.

முகாமுக்கு அது வந்த வழிதான் சுவாரசியம். ஒஹையோ மாநிலத்தில் லின் ரோர்பா என்பவர் முகாம்களுக்கும் தேவாலய இளைஞர் குழுக்களுக்கும் சட்டைப்பையில் அடங்குகிற சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள் அச்சிட்டு விற்றுவந்தார். அவரிடமிருந்து 1954-இல் டோனி சாலட்டன் என்ற பாடகர் கும்பயாவைக் கற்றார். சாலட்டனிடமிருந்து 1957-இல் ஓபர்லின் கல்லூரி மாணவர் குழு ஒன்று கற்றுக்கொண்டது. 'ஃபோக்ஸ்மித்ஸ்' என்று பெயர். அந்தக் கோடையில் அவர்கள் செய்த வேலை, முகாம் முகாமாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது. அதே வருடம் இசைத்தட்டுக்கும் பாடினார்கள். 1962-இல் புகழ்பெற்ற பாடகி ஜோன் பயஸ் பாடியதும் உலகமே அதைப் பாடத் தொடங்கிவிட்டது. அந்த மாணவர் குழுவை நடத்திய ஜோ ஹிக்கர்சன் பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அதே நாட்டுப்பாட்டுக் காப்பகத்துக்குத் தலைவரானார். முகாம் முகாமாகப் பாடித் திரிந்த பாட்டின் தாய்ப்பிரதி அவர் பொறுப்பிலேயே இருந்தது!

சரி, அடுத்தது 'மைக்கேல் ரோ த போட் அஷோர்'. உங்கள் மகள் இதையும் பாடியிருப்பாள். இதன் பிறப்பிடம் இன்னும் தெளிவு. தென் கரோலினாவில் செயின்ட் ஹெலினா என்று ஒரு தீவு. 1861 நவம்பரில், உள்நாட்டுப் போரில், வடக்கத்திப் படை அந்தக் கரையைப் பிடித்ததும் பண்ணை முதலாளிகள் ஓடிவிட்டார்கள். அடிமைகள் அங்கேயே இருந்தார்கள். வடக்கிலிருந்து ஆசிரியர்களும் மேற்பார்வையாளர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவரான சார்லஸ் பிக்கார்ட் வேர் இந்தப் பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1867-இல் ஆலன், வேர், லூசி மெக்கிம் கேரிசன் மூவரும் சேர்ந்து வெளியிட்ட அடிமைப் பாட்டுத் தொகுப்பில் அது சுரக்குறிப்போடு இருக்கிறது. 136 பாட்டுகள் கொண்ட அந்தப் புத்தகம்தான் அந்த வகையில் முதலாவது.

அது படகுப் பாட்டு. தீவுக்கும் கரைக்கும் நடுவே துடுப்பு வலித்துக்கொண்டு பாடியது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'அல்லேலூயா' என்று வாங்குவார்கள். நம் ஊர்ப் படகில் 'ஏலேலோ' செய்கிற வேலையை அங்கே அல்லேலூயா செய்கிறது. துடுப்பின் ஒரு வலிப்புக்குப் பாட்டின் இரண்டு தாள அளவு வரும். முதல் அளவின் அழுத்தம் துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது, இரண்டாவது துடுப்பு அதன் கொண்டியில் கடகடவென்று உருளும்போது என்று தொகுப்பாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். தாளம் கையில் இல்லை, துடுப்பில் இருந்தது. படகை எடுத்துவிட்டால் தாளமும் போய்விடும். போனது. 1954-இல் இந்தப் பாட்டைப் பழைய தொகுப்பிலிருந்து தோண்டியெடுத்து, பிரபல நாட்டுப்பாட்டுப் பாடகர் பீட் சீகருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே டோனி சாலட்டன். 1961-இல் 'ஹைவேமென்' என்ற கல்லூரி மாணவர் குழு நிதானமாக, சீட்டியடித்துப் பாடிய பதிவு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. நம் முகாம்களில் நாம் பாடுவது அந்தத் தாலாட்டு வேகத்தைத்தான். துடுப்பு வலிக்கிற எவரும் அந்த வேகத்தில் வலித்தால் படகு நகராது.

கும்பயாவும் மைக்கேலும் ஒரே ஆள் கைவழியாக, ஒரே ஆண்டில் வந்தவை. ஒன்றுபோலக் கேட்கின்றன என்று நீங்கள் சொன்னதில் பாதிக்கு இதுவே பதில். மறுபாதி ஸ்வரத்தில் இருக்கிறது. பாடிப் பாருங்கள்: கும்பயாவின் முதல் அடி ச க ப ப ப த த ப. மைக்கேலின் முதல் அடி ச க ப க ப த ப. இரண்டும் ஒரே படியில் ஏறி, தைவதத்தைத் தொட்டுவிட்டுப் பஞ்சமத்தில் வந்து உட்காருகின்றன. இரண்டிலும் மத்தியமம் வருகிறது, ரிஷபம் வருகிறது. நிஷாதம் மட்டும் கிடையாது. ச ரி க ம ப த ச என்றால் நமக்கு உடனே காம்போதி ராகத்தின் ஆரோகணம் ஞாபகம் வரும். வரட்டும், ஆனால் காம்போதி என்று சொல்லிவிடாதீர்கள். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் அழகு, இல்லாத காம்போதி வெறும் எலும்புக்கூடு. ஒரு முறை கச்சேரி மேடையில் நண்பர் ஒருவர் வேடிக்கையாக அப்படி இழுத்துப் பார்த்தார், மிருதங்கக்காரர் முறைத்தார்.

இந்தக் கமக விஷயம் வெறும் வேடிக்கையும் இல்லை. 1867 தொகுப்பின் ஆசிரியர்களில் லூசி மெக்கிம் நல்ல இசைப் பயிற்சி உள்ளவர். இந்த மக்களின் தொண்டையில் விழுகிற திருப்பங்களையும், ஒவ்வொரு குரலும் வெவ்வேறு இடத்தில் வந்து சேருகிற லயத்தையும் சுரக்குறிப்பில் அடைப்பது பறவைச் சத்தத்தை எழுதுவது போல முடியாத காரியம் என்று 1862-இலேயே அவர் எழுதியிருக்கிறார். எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, தாங்கள் எழுதுவது பாதிதான் என்று. அந்தப் பாதி அச்சில் ஏறி, அச்சிலிருந்து கிதாரின் மூன்று பிடிக்குள் அடங்கி, அப்புறம் நம் பள்ளி மைதானத்துக்கு வந்தது. எல்லா கேம்ப்ஃபயர் பாட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பது, அவை ஒரே இடத்தில் பிறந்ததால் அல்ல. ஒரே சல்லடை வழியாக வந்ததால். காகிதம் இல்லாமல், வெளிச்சம் இல்லாமல், நாற்பது பிள்ளைகள் ஒரு தடவை கேட்டதும் திருப்பிப் பாட முடிய வேண்டும். அதற்கு ஒத்துவராத ஸ்வரமும் சங்கதியும் உதிர்ந்துவிடும்.

சல்லடை என்றேன், அதிலும் தீக்கும் பாட்டுக்கும் உண்மையாகவே நேரடி உறவு உள்ள ஒரு இடம் உண்டு. 1801 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தில் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் ஒரு பெரிய ஜெபக்கூட்டம் நடந்தது. பல நாள், ஆயிரக்கணக்கான பேர், வண்டியிலும் கூடாரத்திலும் தங்கினார்கள். அதன் பிறகு 'கேம்ப் மீட்டிங்' என்று அமெரிக்க எல்லைப்புறமெங்கும் பரவிவிட்டது. இரவில் உயரமான மேடை கட்டி, மண் பரப்பி, அதன் மேல் விறகு எரித்து வெளிச்சம் உண்டாக்கினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது, கையில் பாட்டுப் புத்தகமும் கிடையாது. அதனால் நீண்ட கீர்த்தனைகளை உடைத்து, ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிப் பாடும் வழக்கம் பிறந்தது. முதலில் 'சகோதரரே', அடுத்த சுற்றில் 'சகோதரிகளே', அப்புறம் 'தகப்பன்மாரே'. கும்பயாவில் 'யாரோ அழுகிறார்', 'யாரோ ஜெபிக்கிறார்' என்று மாறுகிறதே, அந்த அமைப்பின் தாத்தா இதுதான் என்பது என் கணிப்பு. வைலியின் பாட்டுக்கும் கேன் ரிட்ஜுக்கும் நேர் கோடு போட்டுக் காட்ட முடியாது. அமைப்பு ஒன்று என்று மட்டும் சொல்லலாம்.

நேர் கோடு போட்டுக் காட்டக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 1850-களில் 'சகோதரரே, எங்களைச் சந்திப்பீர்களா' என்ற பொருளில் ஒரு கேம்ப் மீட்டிங் பாட்டு வழக்கில் இருந்தது. மெட்டுப் போட்டவர் வில்லியம் ஸ்டெஃப் என்று சொல்வது உண்டு. அதைப் பலர் ஏற்பதில்லை, நானும் அதில் பந்தயம் கட்ட மாட்டேன். 1861-இல் பாஸ்டன் துறைமுகக் கோட்டையில் இருந்த படைவீரர்கள் அந்த மெட்டில் 'ஜான் பிரவுனின் உடல்' என்று பாடினார்கள். அடிமை முறைக்கு எதிராகக் கிளர்ந்து 1859-இல் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுனைப் பற்றியது. ஆனால் படையிலேயே அதே பெயரில் ஒரு சிப்பாய் இருந்ததால் பாதி கேலியும் கலந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜூலியா வார்ட் ஹோவ் அந்த மெட்டுக்குக் கம்பீரமான சொற்கள் எழுதினார். 'பேட்டில் ஹிம்ன் ஆஃப் த ரிபப்ளிக்' என்று உலகப் புகழ் பெற்றது அது. 1915-இல் தொழிற்சங்கத்தினருக்காக ரால்ஃப் சாப்ளின் அதே மெட்டில் 'சாலிடாரிட்டி ஃபாரெவர்' எழுதினார். கடைசியில் அது எங்கே வந்து இறங்கியது தெரியுமா? நம் முகாமில். 'ஜான் பிரவுனின் குழந்தைக்கு நெஞ்சில் சளி' என்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அந்த இடத்தில் இருமுவது, நெஞ்சைத் தட்டுவது என்று சைகை செய்கிற விளையாட்டுப் பாட்டாக. ஜெபம், போர், வேலைநிறுத்தம், சளி. மெட்டு ஒன்றுதான்.

'ஷீ வில் பி கமிங் ரவுண்ட் த மவுண்டன்' என்பதும் இதே இனம்தான். அடியில் இருப்பது, இரதம் எப்போது வரும் என்று கேட்கும் கறுப்பின ஆன்மிகப் பாட்டு. 1899-இல் அச்சில் வந்திருக்கிறது. இரதம் போய் ஆறு வெள்ளைக் குதிரை மட்டும் மிச்சம். சுற்று வைத்துப் பாடுகிற பாட்டுகள், அதாவது ஒரு வரிசை தொடங்கிய பிறகு அடுத்த வரிசை பின்னாலேயே தொடங்குவது, முற்றிலும் வேறு வம்சம். அவை இங்கிலாந்தின் கள்ளுக்கடையிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் வந்தவை. தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1609-இல் அச்சிட்ட தொகுப்புகளில் இருந்தே சிலவற்றை இன்றும் முகாமில் பாடுகிறார்கள்.

முகாம் முடியும்போது ஊதுவார்களே, அல்லது வாயை மூடி முணுமுணுப்பார்களே, அந்த 'டாப்ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. அதில் மொத்தம் 24 ஸ்வரம். 1862 ஜூலையில், வர்ஜீனியாவில் ஹாரிசன்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் முகாமிட்டிருந்த தளபதி டேனியல் பட்டர்ஃபீல்ட், பழைய ஊதல் ஒன்றை மாற்றி அமைத்து, ஆலிவர் நார்ட்டன் என்ற ஊதுகாரரிடம் ஊதச் சொன்னார். இறந்துகிடந்த தன் மகனின் சட்டைப்பையிலிருந்து இந்த மெட்டைத் தகப்பன் எடுத்ததாக ஒரு கண்ணீர்க் கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது கட்டுக்கதை, நம்பாதீர்கள். இசை வகையில் சொல்ல வேண்டியது வேறு. டாப்ஸ் ஊதுகிற பியூகிள் என்ற ஊதுகொம்பில் பொத்தான் கிடையாது. குழாயின் இயற்கை ஸ்வரங்கள் மட்டுமே வரும். அதனால் டாப்ஸ் முழுவதும் கீழ்ப் பஞ்சமம், சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்ற நான்கே இடத்தில் நின்றுவிடுகிறது. நான்கு ஸ்வரத்தில் இவ்வளவு துக்கம் வருமா என்று ஒவ்வொரு முகாமின் கடைசி இரவிலும் நினைத்திருக்கிறேன்.

ஆப்பிரிக்கா என்று உங்கள் மகளுக்குச் சொன்னவர்கள் வேறொரு பாட்டோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் முதல் முகாம் நடத்தியபோதும், 1908-இல் வெளியிட்ட புத்தகத்திலும் 'ஈன் கொன்யாமா' என்று ஒரு கோஷப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். அவர் 1888-இல் ஜூலு நாட்டில் பிரிட்டிஷ் படையோடு இருந்தபோது கேட்டது. 'அவன் சிங்கம், ஆம், சிங்கத்தை விட மேலானவன், நீர்யானை' என்பது அவர் கொடுத்த பொருள். அதில் ஆப்பிரிக்க வேர் உண்மையிலேயே இருக்கிறது. எவ்வளவு சரியாகக் கேட்டு எழுதினார் என்பது வேறு விஷயம். சண்டை போடப் போனவர், பிரிட்டிஷாருக்குத் துணையாக வந்த ஜூலுப் படையின் பாட்டை எழுதியெடுத்து வந்தது அது. 'கிங் காங் கூலி' என்ற சாரணர் பாட்டை, 1920-இல் லண்டனில் நடந்த ஜம்போரி என்ற உலகச் சாரணர் கூட்டத்துக்காக அவரே கட்டினார் என்பார்கள். சாரணர் வட்டத்தில் எல்லாரும் சொல்கிறோம் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் நான் கண்டதில்லை.

நம் பக்கம் இந்தப் பாட்டுகள் வந்தது சாரண இயக்கம் வழியாகவும் மிஷன் பள்ளிகள் வழியாகவும். இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1917-இல் அன்னி பெசன்ட் சென்னையிலேயே இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் கும்பயாவும் மைக்கேலும் அந்தத் தலைமுறையோடு வந்திருக்க முடியாது. மேலே சொன்ன ஆண்டுகளைப் பாருங்கள். 1950-களுக்கு முன் அவை அமெரிக்க முகாம்களிலேயே அவ்வளவாகப் புழங்கவில்லை. 'வெள்ளைக்காரன் காலத்துப் பாட்டு' என்று சொல்கிற பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நம்ப மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இதுவும் உங்கள் கேள்வியோடு சேர்ந்ததுதான். இப்போதெல்லாம் ஆங்கிலத்தில் கும்பயா என்றால் கேலி. கைகோத்துக்கொண்டு எல்லாம் நல்லபடி நடக்கும் என்று கனவு காண்பவர்களை அப்படிக் கிண்டல் செய்கிறார்கள். அது பாட்டின் குற்றமில்லை. 'யாரோ அழுகிறார், இங்கே வாரும்' என்பது ஆபத்தில் இருப்பவன் கூப்பிடுகிற குரல். கறுப்பினத் தேவாலயங்களில் 'கம் பை ஹியர்' என்றே, கைதட்டலோடு வேகமாகப் பாடும் பதிவுகள் இணையத்தில் நிறைய உண்டு. மகளோடு உட்கார்ந்து ஒன்றைக் கேளுங்கள். முதல் அரை நிமிடம் அவளுக்குப் பாட்டே அடையாளம் தெரியாது. இரண்டாவது அடியில், தாளம் பிடிபட்டதும், 'இது நம்ம பாட்டு' என்பாள். என் பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்கள். அதன் பிறகு முகாமில் அதை மெதுவாகப் பாட அவர்கள் சம்மதிக்கவே இல்லை.